ஏழாவது குறிப்பு

மேலகரத்தில் பால்வண்ணநாத பிள்ளை வீட்டுப் புறவாசலில் ஒன்பது பூந்தொட்டிகள் இருந்தன. செடிக்கு இங்கிலீஷில் பியூஷியா என்று பெயர். அந்தப் பெயர் அவர் மனைவி நாச்சியாரின் வாயில் நுழையவில்லை. மெல்லிய காம்பில் சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாக ஆடிய பூவைப் பார்த்து, "லோலாக்கு மாதிரில்லா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அது லோலாக்குப் பூ ஆயிற்று.

செடிகள் அந்த வீட்டாருடையவை அல்ல. வருஷந்தோறும் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து பங்களா எடுத்துத் தங்கும் ஒரு துரையின் மனைவி, நீலகிரியிலிருந்து கொண்டுவந்தவை. சீசன் முடிந்து புறப்படும்போது அவற்றைப் பால்வண்ணநாதனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். "அடுத்த ஆனியில் நான் வரும்போது இவை பூத்திருக்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பால்வண்ணநாதனுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. அவர் பி.ஏ. படித்தவர். தென்காசியில் பெஞ்சு மாஜிஸ்திரேட்டாக உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. துரை ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும்.

செடி வளர்க்கும் விதத்தைத் துரைசாணி இரண்டு தாள்களில் எழுதிக் கொடுத்திருந்தாள். மொத்தம் ஒன்பது குறிப்புகள். மாலை வேளைகளில் பால்வண்ணநாதன் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்து, தமிழில் சொல்வார். நாச்சியார் மண் படிந்த கையோடு கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் அவளுக்கென்று உட்கார்ந்து எதையும் படித்துக் காட்டியது இதுதான் முதல் தடவை. குறிப்புகள் தீர்ந்த பிறகும், "அந்த மூணாவதைத் திரும்பச் சொல்லுங்க" என்பாள். அவரும் சலிக்காமல் சொல்வார். நுனியைக் கிள்ளினால் செடி இரண்டாகக் கிளைக்கும், கிளைத்து எட்டு வாரத்தில் பூக்கும் என்பது மூன்றாவது. வாடிய பூவை அதன் பிஞ்சோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், காய்க்க விட்டால் பூப்பது நின்றுவிடும் என்பது நான்காவது. ஏழாவதைப் படித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நடுப்பகல்ல செடி தலையத் தொங்கப் போட்டா பதறாத, மண்ணைத் தொட்டுப் பாரு. ஈரமா இருந்தா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாத. அது தாகமில்ல, சூட்டு மயக்கம். ஊத்தினா வேர் அழுகிச் செத்துப் போகும். பார்த்தியா, மயங்கினவளுக்குத் தண்ணி குடுத்தே கொல்லுத சாதி!"

"அய்யோ பாவம்" என்று நாச்சியாரும் சிரித்தாள்.

அவள் அந்தச் செடிகளைப் பிள்ளைகளைப் போலப் பார்த்தாள். ஒவ்வொரு தொட்டியையும் பெரிய பானைக்குள் இறக்கி, இடையில் ஆற்று மணல் போட்டு நனைத்து வைத்தாள். மண்ணின் மேல் தேங்காய் நாரைப் பரப்பினாள். காலை வெயில் பட்டதும் கிடுகுப் பந்தலுக்கு அடியில் நகர்த்தினாள். புளித்த கடலைப் புண்ணாக்கைக் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றினாள். மாசியில் கிள்ளிய நுனிகளில் ஒன்றைச் சிரட்டையில் நட்டு, துவைகல்லுக்குப் பின்னால் வைத்தாள். அது யார் கணக்கிலும் இல்லாமல் அங்கேயே வேர் பிடித்தது.

பால்வண்ணநாதனின் அக்காள் இராமலட்சுமிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பதினெட்டு வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. ஒருநாள் நாச்சியார் வாடிய பூக்களைப் பிஞ்சோடு கிள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"பிஞ்சை ஏம்ட்டி பறிக்க?"

"காய்ச்சா அப்புறம் பூக்காதாம் மதினி."

"பிஞ்சைக் கிள்ளிப் போடுத கை எப்படிட்டி காய்க்கும்? எனக்கு இப்பல்லா வெவரம் புரியுது."

நாச்சியார் கிள்ளிய பிஞ்சுகளை முந்தானையில் வாரிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஐம்பது நாள் தள்ளிப்போயிருந்தது. வீடு முழுக்கச் சொல்லி, சொந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பிய பிறகு, ஐம்பத்தோராம் நாள் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அந்த வெட்கம் இன்னும் அவள் தலையைக் குனிய வைத்திருந்தது. அதனால்தான் இந்தப் பங்குனியில் நாள் தள்ளியபோது யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் ஆனதும் புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

அவர் அவள் தலையில் கை வைத்து, "நல்லது. அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். அந்தக் கையின் கனம் அன்று முழுக்க அவள் தலையில் இருந்தது.

அந்த வாரம்தான் அவர் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வக்கீலின் மகள். கான்வென்டில் படித்தவள். போன சீசனில் துரைசாணி, "உங்கள் மனைவியைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது நாச்சியார் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது அவருக்கு முள்ளாகத் தைத்திருந்தது. வக்கீல் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: மூத்தவள் அந்த வீட்டில் இருக்கும்வரை பேச்சில்லை. பிள்ளையில்லாதவளை அனுப்பிவிடலாம் என்று இராமலட்சுமி வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளைத்தாச்சியை எப்படி அனுப்புவது? தம்பி சொன்னதைக் கேட்டு அக்காள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் புறவாசலுக்குப் போனவள், பந்தலுக்கு அடியில் ஒன்பது செடியும் துவண்டு நிற்பதைப் பார்த்தாள். ஏழாவது குறிப்பைப் படித்துத் தம்பி சிரித்தது அவள் காதிலும் விழுந்திருந்தது.

சித்திரை வெயில் உச்சியில் இருந்தது. அருவியில் நீர் நின்று பாறை மட்டும் தெரிந்த மாதம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை இராமலட்சுமி வடகம் போட ஆள் கூட்டினாள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் புறவாசலில் வேட்டியை விரித்து மாவு பிழிந்துகொண்டிருந்தார்கள். வெளுக்கிற சொக்கம்மாள் அழுக்குத் துணி எடுக்க வந்து ஓரமாக நின்றாள். உச்சிப்பொழுதில் செடிகள் வழக்கம்போலத் துவண்டன.

"ஏட்டி நாச்சியா, இங்கன வா" என்று இராமலட்சுமி உரக்கக் கூப்பிட்டாள். "இதென்ன, எல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கி?"

"வெயிலு மதினி. மண்ணு ஈரமாத்தான் இருக்கு. அந்திக்கு நிமிர்ந்துரும்."

"அந்திக்கு நிமிருமா? அந்திக்கு நீ குளிச்சிட்டு வாரேல்லா, அதான் நிமிருது."

வடகம் பிழிந்த கைகள் நின்றன. ஒருத்தி சொன்னாள்: "தூரமானவ நெழலு பட்டா கறிவேப்பிலையே பட்டுப் போகும். சீமைச் செடி தாங்குமாக்கும்?"

"அய்யய்யோ, அப்ப என் வடகம்?" என்று இன்னொருத்தி வேட்டியை இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தீட்டை மறைக்கிறாள் என்று தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது நாச்சியாருக்கு அப்போதுதான் விளங்கியது. "மதினி, நான் முழுகாம இருக்கேன். ரெண்டு மாசம் ஆச்சு. அவுக உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னான் சொன்னான். முந்தியும் இப்படித்தான முழுகாம இருந்த, அம்பது நாளு! ஊரெல்லாம் சொல்லி அனுப்பி நான் மூஞ்சியில கரி பூசிக்கிட்டேன். இப்ப ஒளிச்சு வச்சுக்கிட்டு சோறாக்குத, பூசை ரூம்புல வெளக்கேத்துத. ஆனா செடி பொய் சொல்லாதுட்டி."

"சொக்கம்மாளைக் கேளுங்க. ரெண்டு மாசமா என் தீட்டுத் துணி அவ கைக்குப் போகலையே!"

எல்லோரும் சொக்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் இராமலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டுச் சோறு அவள் மூன்று தலைமுறைக்குச் சோறு. "எத்தனையோ வீட்டுத் துணி வருது தாயி" என்று மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எது வந்துச்சு, எது வரலைன்னு எனக்கு எங்க நெனப்பிருக்கும்?"

இராமலட்சுமி கிணற்றடியிலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நாச்சியாரின் முன்னால் வைத்தாள். அவள் குரல் இப்போது மிகவும் இதமாக இருந்தது.

"சரி, சுத்தமாத்தான் இருக்கேன்னு சொல்லுத. செம்பை எடுத்து உன் கையால எல்லாத் தொட்டிக்கும் ஊத்து. செடி தழைச்சுதுன்னா இத்தனை பேரு முன்னால நான் உன் கால்ல விழுதேன்."

"ஊத்தக் கூடாது மதினி! ஈர மண்ணுல ஊத்தினா வேர் அழுகிரும். துரைசாணி கடுதாசில எழுதியிருக்கு."

"கேட்டேளா? வாடிக் கெடக்க செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதாம்! எந்த ஊருல கேட்ட நாயம்? தொடப் பயப்படுதா, வேற என்ன?"

சத்தம் கேட்டுப் பால்வண்ணநாதன் உள்ளேயிருந்து வந்தார். அவரைப் பார்த்ததும் நாச்சியாருக்கு உயிர் வந்தது.

"ஏங்க, அந்தக் கடுதாசியை எடுத்துட்டு வாங்க. ஏழாவதை இவுகளுக்குப் படிச்சுக் காட்டுங்க. அன்னைக்குச் சிரிச்சேளே, சூட்டு மயக்கம்னு!"

அவர் செடிகளைப் பார்த்தார்; போனால் ஊட்டியில் விலைக்குக் கிடைக்கும். அக்காளைப் பார்த்தார். நாச்சியாரை மட்டும் பார்க்கவில்லை.

"அப்படி ஒண்ணும் அதுல எழுதல" என்றார்.

அவர் மறந்துவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். "மறந்துட்டேளா? கிணத்தடியில, துவைகல்லுல இருந்து..."

"இங்கிலீஷ் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?" அவர் குரல் உயர்ந்தது. "அக்கா சொல்லுதபடி ஊத்து."

நாச்சியார் செம்பை எடுத்தாள். ஊற்றாவிட்டால் இப்போதே குற்றவாளி. ஊற்றினால் ஒரு வாரம் கழித்து. வயிற்றில் இருப்பதற்கு அந்த ஒரு வாரமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்பது தொட்டிக்கும் ஊற்றினாள். மேலே விரித்திருந்த தேங்காய் நார் நீரில் மிதந்தது.

ஒரு நாளோடு அது முடியவில்லை. காலையில், உச்சியில், மாலையில் என்று மூன்று வேளையும் இராமலட்சுமி பக்கத்தில் நின்று ஊற்ற வைத்தாள். முதல் இரண்டு நாள் அந்தி நேரத்தில் செடிகள் நிமிர்ந்தன. நாச்சியார் ஓடிப்போய், "மதினி, வந்து பாருங்க, நிமிர்ந்துட்டு!" என்றாள். "விடிஞ்சு பார்ப்போம்" என்றாள் இராமலட்சுமி. மூன்றாம் நாள் அவை நிமிரவில்லை. ஐந்தாம் நாள் பூக்களும் மொட்டுகளும் கொத்தாக உதிர்ந்தன. எட்டாம் நாள் தண்டின் அடி கறுத்து, தொட்டால் விரலோடு தோல் உரிந்து வந்தது. தொட்டிகளிலிருந்து சாக்கடை நாற்றம் எழுந்தது.

இராமலட்சுமி தெருப் பெண்களை மறுபடி அழைத்து வந்து காட்டினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் கைபட்டு ஒன்பது செடி செத்துக் கிடந்தன. வீட்டைக் கழுவிவிட்டுப் புண்ணியாகவாசனம் செய்தார்கள்.

மறுநாள் அவள் பிறந்த ஊரான வடகரைக்கு வண்டி பூட்டினார்கள். நாச்சியார் வண்டியில் ஏறியபோது பால்வண்ணநாதன் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. தெருமுனையில் சொக்கம்மாள் வண்டியை நிறுத்தி, வெளுத்த துணிக்குள் மறைத்து வைத்திருந்த சிரட்டையை அவள் மடியில் வைத்தாள்.

"துவைகல்லுக்குப் பின்னால இருந்துச்சு தாயி. இதையாவது கொண்டு போ."

"நெசத்தைச் சொல்லியிருக்கலாம்லா சொக்கம்மா?"

"சொன்னா உன் கூட நானும்லா வண்டி ஏறணும்" என்றாள் சொக்கம்மாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

வடகரையில் நாச்சியாரின் அண்ணன் ஞானசம்பந்தத்துக்குக் கொஞ்சம் வயலும் ஐந்து பிள்ளைகளும் இருந்தன. தங்கையை அவர் விரட்டவில்லை. ஆனால் அவர் மனைவி ஒவ்வொரு வேளையும் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறினாள். வைகாசி முடிவதற்குள் நாச்சியாரின் வயிறு யாருடைய சாட்சியும் தேவையில்லாமல் தெரிய ஆரம்பித்தது. ஞானசம்பந்தம் மேலகரத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

மலையோரக் குளிர்ச்சியில் சிரட்டைச் செடி வேகமாக வளர்ந்தது. அவள் அதைத் தொட்டிக்கு மாற்றினாள். ஆனியில் மேற்கே மேகம் கவிந்து சாரல் விழத் தொடங்கியபோது, அது பதினோரு பூவும் கொத்துக் கொத்தாக மொட்டுமாகத் தொங்கியது.

அந்தச் சாரலில்தான் ஒரு புதன்கிழமை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பால்வண்ணநாதன் இறங்கினார்.

ஞானசம்பந்தத்துக்குக் கையும் காலும் ஓடவில்லை. "வாங்க மாப்பிள்ளை, வாங்க! ஏளா, காப்பி போடு! பலாப்பழம் அறு!" என்று வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றினார். நாச்சியார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்வண்ணநாதனின் பார்வை ஒரு கணம் அவள் வயிற்றில் நின்று, விலகி, முற்றத்து ஓரத்தில் இருந்த தொட்டிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"ஒரு செடி இங்க இருக்குன்னு சொக்கம்மா சொன்னது சரிதான்" என்றார். அவர் முகம் மலர்ந்தது. "அத்தான், வெள்ளிக்கிழமை துரைசாணி குத்தாலத்துக்கு வருதா. ஒரு தொட்டியாவது பூவோட காட்டியாகணும். ஊட்டிக்கு ஆளனுப்பி வாங்கிப் பார்த்தேன், வழியிலயே எல்லாம் கொட்டிப் போச்சு. இதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஞானசம்பந்தம் காப்பி டம்ளரோடு நின்றார். "செடி கெடக்கட்டும் மாப்பிள்ளை. பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்ன சொல்லச் சொல்லுதீக? ஆவணியில முகூர்த்தம் வச்சாச்சு. பாளையங்கோட்டைக்காரக கிட்ட இனி மாத்திப் பேச முடியாது." கொஞ்சம் யோசித்தார். ஏதோ பெரிய சலுகை காட்டுகிற குரலில் சொன்னார்: "துரைசாணி சந்தோஷப்பட்டு இன்னும் நாலு செடி விட்டுட்டுப் போனா, பார்த்துக்கிட வீட்டுல கைப்பழக்கம் உள்ள ஆளு வேணும். அதைச் சொல்லி அக்காவைச் சம்மதிக்க வைக்கலாம். இவ வந்து பின்கட்டுல இருந்துக்கிடட்டும். பெறக்கது பையனா இருந்தா அப்புறம் பேசிப் பார்க்கேன்."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். அவர் கண்களில் ஒரு கெஞ்சல் இருந்தது. "பின்கட்டுன்னாலும் அவுக வீடுல்லாட்டி. எடுத்துக் குடுத்துரு தாயி."

நாச்சியார் முற்றத்துக்குப் போய்த் தொட்டியைத் தூக்கி வந்து, புருஷனின் காலடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கிளையின் நுனியைப் பிடித்து, பூவும் மொட்டுமாகக் கிள்ளி மடியில் போட்டாள். அடுத்த கிளையைப் பிடித்தாள்.

"ஏய்! என்ன செய்யுத?"

"மூணாவது" என்றாள் நாச்சியார், கையை நிறுத்தாமல். "நுனியைக் கிள்ளினா ரெண்டாக் கிளைக்கும். நீங்கதான படிச்சுச் சொன்னேள்?"

"வெள்ளிக்கிழமை வருதான்னு சொல்லுதேன், காதுல விழலையா? நிறுத்துட்டி!"

அவர் குனிந்து தொட்டியைப் பறிக்கப் பார்த்தார். அதற்குள் பாதிச் செடி மொட்டையாகிவிட்டிருந்தது. அவள் விரல்கள் பழகிய விரல்கள். கடைசி மொட்டு வரை ஒன்றுவிடாமல் எடுத்து, தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துட்டுப் போங்க. எட்டு வாரத்துல நல்லாப் பூக்கும். ஆவணிக்குச் சரியா இருக்கும்."

பால்வண்ணநாதன் அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஞானசம்பந்தம் குறுக்கே வந்தார். ஓங்கிய கையை இறக்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"இனி அந்த வீட்டு வாசல்ல உன் நெழலு விழக் கூடாது. உன் பிள்ளை நெழலும்தான். அது யாரு பிள்ளைன்னு நான் எந்தச் சபையிலயும் சொல்ல மாட்டேன். ஞாபகம் வச்சுக்கோ."

"சொல்லாதீக" என்றாள் அவள். "எழுதியிருந்ததையே இல்லைன்னுட்டேள். இதை எங்க சொல்லப் போறேள்?"

கார் போன சத்தம் செங்கோட்டை ரஸ்தாவில் தேயும்வரை ஞானசம்பந்தம் வாசலிலேயே நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"எம் பிள்ளைக அஞ்சு. உன்னையும் அதையும் எத்தனை நாளைக்கு நான் வச்சுக்கிட முடியும்னு நெனச்சியாட்டி? ஒரு செடி! ஒரு செடியைக் குடுத்திருந்தா ஒரு கூரை கெடைச்சிருக்கும். என் மூஞ்சியில முழிக்காத."

மாப்பிள்ளை குடிக்காமல் விட்ட காப்பியை முற்றத்தில் வீசினார். அண்ணி வந்து, ஆள் போய்விட்டதா என்று பார்த்து, அறுத்த பலாச்சுளைகளைத் தட்டோடு உள்ளே எடுத்துப் போனாள்.

நாச்சியார் மடியில் கிடந்த பூக்களை முற்றத்து ஓடையில் உதறினாள். சாரல் தண்ணீரில் அவை சிவப்பும் ஊதாவுமாகச் சுழன்று மடையைத் தாண்டிப் போயின. செடி இரண்டு சாண் உயரத்துக் குச்சியாக நின்றது. அவள் ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. தொட்டியைத் தாழ்வாரத்துச் சொட்டுக்கு எட்டாத இடமாகப் பார்த்து உள்ளே நகர்த்தி வைத்தாள்.